தண்ணிக்குள்ள ப்ளாஷ் அடிச்சா ஏன் பனி பெய்யுது? டிப்யூசர் வாங்க முன்னாடி இத வாசிங்க

தம்பி, உங்க கேள்விய ரெண்டு தரம் வாசிச்சேன். மஸ்கெலியாவுல இருக்கீங்க, ஒலிம்பஸ் டிஜி-6 கெமரா ஒண்ணு செகண்ட் ஹேண்ட்ல வாங்கியிருக்கீங்க, ஓயாவுல, அதான் நம்ம மலை ஆத்துல, தண்ணிக்குள்ள மீன படம் எடுத்துப் பாத்தா படம் முழுக்க வெள்ளை வெள்ளையா புள்ளி, மீன் மங்கலா கெடக்கு, ஆகஸ்ட் லீவுக்கு கூட்டாளிங்களோட திருகோணமலை போறதுக்குள்ள இத சரி பண்ணணும், யாரோ "ப்ளாஷுக்கு டிப்யூசர் போடு, புள்ளி போயிடும்" னு சொல்லியிருக்காங்க, அப்ப எந்த டிப்யூசர், அதான் ப்ளாஷ் வெளிச்சத்த விரிக்கிற வெள்ளை மூடி, வாங்குறது. இவ்வளவுதானே. பதில முதல்லயே சொல்லிடுறேன், டிப்யூசர் போட்டா புள்ளி போகாது. சில நேரம் கூடவும் கூடும். சல்லிய பத்திரமா வச்சிக்கிட்டு மிச்சத்த வாசிங்க, கொஞ்சம் நீளமா போகும்.

நான் ஹட்டன்காரன். கல்யாணம், சடங்கு, கோயில் தேர் னு பத்து வருசத்துக்கு மேல ஸ்டுடியோ வேலை. ப்ளாஷ்னா என்ன, சொப்ட்பொக்ஸ்னா என்ன, பொண்ணு மூஞ்சி எண்ணெய் வடியாத மாதிரி எப்படி லைட் வைக்கிறது, எல்லாம் நமக்கு தண்ணி பட்ட பாடு. அந்த திமிரோட தான் முதல் தடவ நிலாவெளி போயி புறாத்தீவு பக்கம் முங்கினேன். கெமராவுக்கு ஒரு ஹவுசிங், அதான் தண்ணி புகாத கூடு, அதுக்கு மேல பால் வெள்ளையில ஒரு டிப்யூசர், அத ஒரு கடைக்காரர் "இது போட்டா தண்ணி கிளியரா வரும்" னு சொல்லி நல்ல விலைக்கு என் தலையில கட்டிட்டாரு. நூத்துக்கு மேல படம் எடுத்தேன். ராத்திரி ரூம்ல லெப்டொப்ல போட்டு பாத்தா ஒரு படத்துல கூட மீன் இல்ல, மார்கழி மாசத்து நுவரெலியா தான் இருந்துச்சு. அன்னைக்கு தான் விளங்குச்சு, தரையில படிச்ச பாதிய தண்ணிக்குள்ள மறக்கணும் னு.

நம்ம ஊர்க்காரங்களுக்கு இத விளங்கப்படுத்துறது லேசு. ராத்திரியில தலவாக்கலை தாண்டி நானுஓயா ஏறுற பஸ்ல முன் சீட்ல இருந்திருப்பீங்க. பனி மூடினதும் ட்ரைவர் என்ன செய்வாரு? ஹைபீம குறைச்சிடுவாரு. ஹைபீம் போட்டா ரோட்டுக்கு பதிலா முன்னாடி ஒரு வெள்ளை சுவர் தான் தெரியும், ஏன்னா லைட் போற பாதையும் நம்ம கண்ணு பாக்குற பாதையும் கிட்டத்தட்ட ஒண்ணு, நடுவுல உள்ள ஒவ்வொரு பனித்துளியும் வெளிச்சத்த திருப்பி நம்ம மூஞ்சிக்கே அடிக்குது. பொக் லைட்ட ஏன் கீழ பம்பர் கிட்ட வைக்கிறாங்க? கண்ணு பாக்குற கோட்டுல இருந்து தள்ளி, கீழ இருந்து, ரோட்ட மட்டும் தொட்டுக்கிட்டு போகட்டும் னு தான். இப்ப உங்க கெமராவ எடுத்து பாருங்க. ப்ளாஷ் எங்க இருக்கு? லென்ஸுக்கு பக்கத்துல, ஒரு விரல் தூரத்துல. நீங்க பனிக்குள்ள ஹைபீம் போட்டுக்கிட்டு படம் எடுக்குறீங்க தம்பி, அவ்வளவுதான் விசயம். இத இங்கிலீஸ்ல பேக்ஸ்கெட்டர் னு சொல்லுவாங்க, நம்ம பாசையில சொன்னா தூசு திருப்பி அடிக்கிற வெளிச்சம்.

இதுல ஒரு சின்ன கணக்கு இருக்கு, அத மனசுல போட்டுக்கிட்டா போதும். தூரம் பாதியானா வெளிச்சம் நாலு மடங்கு, தூரம் பத்துல ஒண்ணானா நூறு மடங்கு. மீன் 1 மீட்டர்ல நிக்குது, ஒரு மண் துகள் லென்ஸுக்கு முன்னாடி 10 சென்டிமீட்டர்ல மிதக்குது னு வைங்க, அந்த துகளுக்கு மீன விட 100 மடங்கு வெளிச்சம் விழுது. அது போகஸ்லயும் இல்ல, அதுனால ஊதிப்போயி ஒரு பெரிய வெள்ளை வட்டமா வந்து உக்காந்துக்கும். இப்ப இதுக்கு மேல டிப்யூசர் ஒட்டினா என்ன ஆகும்? வெளிச்சம் இன்னும் அகலமா விரியும், அந்த கிட்டத்து துகளுக்கு இன்னும் நல்லாவே விழும், மீனுக்கு போறது குறையும். கடைக்காரர் சொன்னதுக்கு நேர் எதிர்.

நான் சொல்றத நம்ப வேணாம், வீட்டுலயே பாத்துக்கலாம். உடுப்பு ஊற வைக்கிற பெரிய பேசின் ஒண்ணு எடுங்க, தண்ணி நிரப்பி, ஒரு பக்கம் கறுப்பு துணி, அதுக்கு முன்னாடி ஏதாவது செவப்பு சாமான், போத்தல் மூடியோ செத்தல் மிளகாயோ. தண்ணியில பால் நாலஞ்சு சொட்டு விட்டு கலக்குங்க. லைட்ட அணைச்சிட்டு கெமராவ தண்ணிக்குள்ள வச்சி, ப்ளாஷ் போட்டு ஒண்ணு எடுங்க. மிளகாய் தெரியாது, பனி தெரியும். இப்ப ப்ளாஷ நிப்பாட்டிட்டு ஒரு டோர்ச்ச லென்ஸ் பக்கத்துல பிடிங்க, அதே கதை. அப்புறம் டோர்ச்ச மெல்ல மெல்ல பக்கவாட்டுல கொண்டு போங்க, நாப்பத்தஞ்சு டிகிரி, அப்புறம் மேல இருந்து, அப்புறம் கிட்டத்தட்ட முழு பக்கவாட்டுல இருந்தே. கண்ணால பாக்கலாம், டோர்ச் கோடு தண்ணிக்குள்ள தனியா தெரியும், அந்த கோடு லென்ஸுக்கு முன்னாடி உள்ள தண்ணிய வெட்டாம மிளகாய மட்டும் தொடுற எடத்துல படம் பளிச்சுனு வந்துடும். பால் அதே பால், தண்ணி அதே தண்ணி. கடைசியா டோர்ச் மூஞ்சியில ஒரு யோகட் கப் துண்ட வச்சி பாருங்க, கோடு உடைஞ்சி பேசின் முழுக்க பால் வெளிச்சமாகிடும். எனக்கு இந்த பேசின் வேலை தான் குரு, ஸ்டுடியோ இல்ல. பாலுக்கு வீட்டுல ஏச்சு வாங்குனா என் பேர சொல்லாதீங்க.

அப்ப முதல் மருந்து என்ன? கிட்ட போறது. கிட்டன்னா நீங்க நினைக்கிற கிட்ட இல்ல, அதுல பாதி. உங்க கெமராவுல உள்ள ப்ளாஷுக்கு தண்ணிக்குள்ள நல்லா வேலை செய்யிற தூரம் ஒரு கை நீளம் கூட இல்ல, அரை மீட்டருக்குள்ள வந்துடுங்க, முடிஞ்சா ஒரு சாண், ரெண்டு சாண். வெளி ஸ்ட்ரோப், அதான் கெமராவுக்கு வெளிய தனியா வைக்கிற ப்ளாஷ், வாங்குனா கூட ஒரு மீட்டர், மிஞ்சிப்போனா ஒன்றரை, அதுக்கு மேல ப்ளாஷ் அடிக்கிறது பெட்டரிக்கு கேடு. ஏன்னா தண்ணி வெளிச்சத்த திங்கும், அதுலயும் செவப்ப தான் முதல்ல திங்கும். கடல்ல 5 மீட்டர் இறங்குறதுக்குள்ள செவப்பு பெரும்பாலும் போயிடும், அதுக்கப்புறம் ஒரேஞ்ச், அப்புறம் மஞ்சள், கடைசியில நீலமும் பச்சையும் தான் மிச்சம். எல்லாரும் மறக்குற விசயம் என்னன்னா, அந்த தீனி மேல இருந்து கீழ மட்டும் இல்ல, பக்கவாட்டுலயும் நடக்கும். ப்ளாஷ் மீனுக்கு போறது 1 மீட்டர், திரும்பி கெமராவுக்கு வாறது 1 மீட்டர், ஆக 2 மீட்டர் தண்ணி. அதுக்குள்ளயே செவப்பு மங்க ஆரம்பிச்சிடும். தண்ணிக்குள்ள ப்ளாஷ் தேவைப்படுறதே இந்த செவப்ப திருப்பி கொண்டு வாறதுக்கு தான், இருட்டு ரெண்டாவது. அப்ப தூரத்துல நின்னு அடிச்சா வந்த வேலையே நடக்கல.

தண்ணிக்குள்ள கண்ணு தூரத்த ஏமாத்தும், அதையும் சொல்லணும். மாஸ்க் வழியா பாக்குறப்ப தண்ணிக்குள்ள எல்லாம் கிட்டயும் பெருசாவும் தெரியும், 1 மீட்டர்ல உள்ளது 75 சென்டிமீட்டர்ல உள்ள மாதிரி. ஆக "கிட்ட வந்துட்டேன்" னு தோணுற நேரம் இன்னும் வரல. வெளி ஸ்ட்ரோப் வச்சிருக்கிறவங்களுக்கு இதுல இன்னொரு அடி, மீன் தெரியிற எடத்துக்கு ஸ்ட்ரோப்ப திருப்புனா வெளிச்சம் மீனுக்கு முன்னாடி உள்ள தண்ணியில போயி விழும். மீனுக்கு கொஞ்சம் பின்னாடி பாத்து திருப்பணும், அப்ப தான் மீன் மேல விழும், புள்ளியும் குறையும்.

ரெண்டாவது மருந்து, வெளிச்சத்த லென்ஸ விட்டு தள்ளி வைக்கிறது. ட்ரே ஒண்ணுல கெமராவ பூட்டி, ஒரு கை மாதிரி நீட்டி, நுனியில ஸ்ட்ரோப். ஒரே ஒரு ஸ்ட்ரோப்னா நான் இடது பக்கம் மேல, மணிக்கூட்டுல பத்து மணி இருக்கிற எடத்துல வைப்பேன். லென்ஸ் கண்ணாடிக்கு ஒரு விரக்கடை பின்னாடி தள்ளி, மூஞ்சிய கொஞ்சம் வெளிப்பக்கமா திருப்பி. ஸ்ட்ரோப் வெளிச்சம் ஐஸ்கிரீம் கோன் மாதிரி விரியிறது, அந்த கோனோட நடுப்பகுதியால மீன அடிக்காம அதோட ஓரத்தால மீன தடவி எடுக்கிறது தான் இதுல உள்ள கைவேலை. ஆரம்பத்துல தப்பு தப்பா வரும், பாதி மீன் இருட்டா வரும், பரவால்ல, கொஞ்சம் உள்ள திருப்புங்க. ஸ்ட்ரோப் வச்சிட்டீங்கன்னா கெமரா ப்ளாஷ் முன்பக்கம் போகாம மறைக்கணும், இத நிறைய பேர் செய்யிறதில்ல. கெமரா ப்ளாஷ் பைபர் கேபிள் வழியா ஸ்ட்ரோப்புக்கு சிக்னல் குடுக்க மட்டும் தான் இருக்கணும், முன்னாடி கறுப்பு டேப் ஒட்டுங்க. இல்லாட்டி ஸ்ட்ரோப்புக்கு சல்லிய கொட்டி வாங்கியும் பழைய ஹைபீம் பழைய எடத்துலயே எரிஞ்சிக்கிட்டு இருக்கும்.

வெளிச்சத்த தள்ளி வைக்கணும் னு இப்ப தான் கண்டுபிடிச்சாங்க னு நினைக்காதீங்க. பிரான்ஸ்காரர் லூயி பூத்தான் 1893ல பான்யூல்ஸ் கடல்ல படம் எடுத்தப்ப, ஒரு பீப்பாவுக்கு மேல கண்ணாடி மூடிக்குள்ள ஸ்பிரிட் விளக்க எரிய வச்சி, அதுக்கு மேல மெக்னீசியம் தூள ஊதி தான் ப்ளாஷ் அடிச்சாரு. கைக்குள்ள அடங்குற சாமானா அது! 1926ல புளோரிடா பக்கம் லோங்லி, மார்ட்டின் னு ரெண்டு பேர் முதல் கலர் படம் எடுத்தாங்க, அவங்க மெக்னீசியம் தூள தண்ணிக்கு மேல மிதக்குற ஒரு தெப்பத்துல வச்சி வெடிக்க வச்சாங்க, கெமரா கீழ, வெளிச்சம் மேல. வேற வழியில்லாம தான் செஞ்சாங்க, ஆனா எடம் சரி. லென்ஸுக்கு பக்கத்துல ப்ளாஷ ஒட்டினது எல்லாம் பொக்கட்டுல போட வசதியா இருக்கட்டும் னு பின்னாடி வந்த வேலை.

சரி, அப்ப டிப்யூசர் எதுக்குத்தான் இருக்கு? கெட்ட சாமான் இல்ல, அதோட வேலை வேற. வெசாக் பண்டிகைக்கு தொங்க விடுற பேப்பர் கூட்ட பாத்திருப்பீங்க. பல்ப மட்டும் தொங்க விட்டா கண்ண குத்தும், அதே பல்ப ஓயில் பேப்பர் கூட்டுக்குள்ள வச்சா கூடு முழுக்க பூ மாதிரி எரியும். அங்க வெளிச்சம் மெல்லிசானதுக்கு காரணம் பேப்பர் மட்டும் இல்ல, கூடு பல்ப விட பல மடங்கு பெருசு. மென்மை வாறது பெரிய எடத்துல இருந்து வெளிச்சம் வாறதால. அந்த "பெருசு" ங்கிறது கூட, எடுக்குற சாமானோட ஒப்பிட்டா பெருசா, அதுக்கு கிட்டயா ங்கிறத பொறுத்தது. ஸ்ட்ரோப் மூஞ்சியில மாட்டுற டிப்யூசர் கிட்டத்தட்ட ஸ்ட்ரோப் அளவு தான். ஒரு மீட்டர் தள்ளி நிக்கிற மீனுக்கு அது டிப்யூசர் போட்டாலும் போடாட்டியும் ஒரு சின்ன பல்பு, மென்மை எல்லாம் வராது, நிழல் அதே கறுப்பா தான் விழும். ஸ்டுடியோவுல பொண்ணு உயரத்துக்கு சொப்ட்பொக்ஸ் வச்ச எனக்கு இது விளங்க ஒரு சீசன் போச்சு.

ஆனா அதே டிப்யூசர ஒரு விரல் அளவு பூச்சிக்கோ, நண்டுக்குஞ்சுக்கோ, கல்லுல ஒட்டிக்கிட்டு பாசி திங்கிற சின்ன மீனுக்கோ எட்டு பத்து சென்டிமீட்டர் கிட்ட கொண்டு வந்து பாருங்க. இப்ப அந்த மீனுக்கு டிப்யூசர் ஒரு வெசாக் கூடு. நிழல் கரையும், செதில்ல பளீர்னு வெள்ளை தழும்பு விழாது, வெள்ளி மீனுக்கு இது ரொம்ப முக்கியம், டிப்யூசர் இல்லாம அடிச்சா வயித்துல கண்ணாடி வச்ச மாதிரி வெளிச்சம் திரும்பி அந்த எடத்துல ஒரு விவரமும் இருக்காது. கிட்டத்து படத்துல நடுவுல தண்ணியே கம்மி, அதுனால புள்ளி பயமும் கம்மி. இது ஒரு எடம். ரெண்டாவது, ரொம்ப அகலமான லென்ஸ் போட்டு பவளப்பாறைய எடுக்கிறவங்க, வெளிச்சம் மூலைக்கு எட்டாம நடுவுல மட்டும் விழுந்தா டிப்யூசர் போட்டு விரிப்பாங்க. மூணாவது, நீங்க பிறகு ஹவுசிங் வாங்குனா உங்களுக்கு. ஹவுசிங் போட்ட சின்ன கெமராவுல ஹவுசிங்கோட லென்ஸ் குழாய் உள் ப்ளாஷ மறைச்சி படத்துல ஒரு மூலையில அரை வட்டமா இருட்டு விழும். அப்ப முன்னாடி ஒரு வெள்ளை பிளாஸ்டிக் தட்டு மாட்டினா வெளிச்சம் குழாய சுத்தி வந்துடும். ஹவுசிங்கோடயே அந்த தட்டு வாறது இதுக்கு தான், புள்ளிய விரட்ட இல்ல.

டிப்யூசர் வெளிச்சத்துல ஒரு பங்க சும்மா விழுங்கும், அரை ஸ்டொப்ல இருந்து ஒரு ஸ்டொப் வரைக்கும் போகும், ஒரு ஸ்டொப்னா வெளிச்சம் பாதியாகும் னு அர்த்தம். சின்ன ப்ளாஷுக்கு அது பெரிய நட்டம். நான் செய்யிறது இப்படி, ஒரு சாணுக்குள்ள எடுத்தா டிப்யூசர் இருக்கும், அதுக்கு மேல போனா கழட்டி கயித்துல தொங்கும், தண்ணி கலங்கலா இருந்தா எப்பவுமே கழட்டிடுவேன்.

சல்லி குடுத்து வாங்கவும் தேவையில்ல. பால் நெற ஐஸ்கிரீம் டப்பா மூடி, யோகட் கப், இதுல ஒரு துண்டு வெட்டி ஓட்ட போட்டு நூல்ல கட்டி, றப்பர் பேண்டால மாட்டினா போதும். பேப்பர், டிஷு, துணி எதுவும் வேணாம், நனைஞ்சா கதை முடிஞ்சுது. டெஸ்ட் பண்றப்ப வெள்ளை சுவர்ல ஒரு படம் எடுத்து பாருங்க, சில பிளாஸ்டிக் மஞ்சளா, சிலது நீலமா வெளிச்சத்த மாத்தும், நடு நெறமா வாறத வச்சிக்கங்க. ப்ளாஷுக்கும் பிளாஸ்டிக்குக்கும் கொஞ்சம் எடவெளி விட்டா நல்லா விரியும், ஒட்டி வச்சா பிரயோசனம் இல்ல. தண்ணியில எறங்கினதும் அந்த எடவெளியில காத்துக் குமிழி மாட்டிக்கும், ஒரு தரம் ஆட்டி விடுங்க. இல்லாட்டி படத்துல திட்டு திட்டா நிழல் விழும், ஏன்னு தெரியாம மண்டைய பிச்சிக்குவீங்க, நான் பிச்சிருக்கேன். நூல் கட்டாம போட்டீங்கன்னா ஓயா அடிச்சிட்டு போயிடும், ஆத்துல பிளாஸ்டிக் போட்ட பாவமும் சேரும்.

இப்ப ஓயாவும் கடலும் ஒண்ணு இல்ல ங்கிற விசயத்துக்கு வாறேன், ஏன்னா நீங்க இங்க பழகி அங்க போகப்போறீங்க. கடல் தண்ணி செவப்ப தின்னு நீலத்த விட்டு வைக்கும். நம்ம காட்டு ஓடைத் தண்ணி அப்படி இல்ல, எலை, சருகு, வேர் எல்லாம் ஊறி பிளேன்டீ மாதிரி ஒரு நெறம் இருக்கும், அந்த சாயம் நீலத்த தான் முதல்ல திங்கும், அதுனால படம் மஞ்சளா, பச்சை கலந்த பழுப்பா வரும். பேசின்ல பாலுக்கு பதிலா ரெண்டு கோப்பை சாயத்தண்ணி ஊத்தி பாத்தா அப்படியே அந்த ஓடை தான். கடலுக்கு னு விக்கிற செவப்பு பில்டர ஓடையில போட்டா படம் செங்கல் நெறத்துல வரும், போடாதீங்க. கடல்லயும் ப்ளாஷ் போடுறப்ப செவப்பு பில்டர கழட்டிடணும், ரெண்டும் சேந்தா கிட்ட இருக்கிற மீன் எல்லாம் குங்குமம் பூசின மாதிரி வரும். ப்ளாஷ்னா வைட் பேலன்ஸ் ஓட்டோவுல விடுங்க, இல்ல பகல் வெளிச்சத்துல வைங்க, தண்ணிக்கு னு உள்ள நீல திருத்தம் வேணாம். உங்க கெமராவுல ரோ, அதான் பின்னாடி நெறம் திருத்த வசதியான பதப்படுத்தாத படம், எடுக்கலாம், அதையும் சேத்து எடுத்து வைங்க, பின்னாடி கை குடுக்கும்.

ஓயாவுல புள்ளி எதுனால வருது னும் பாக்கணும். மழை பேஞ்ச அடுத்த நாள் தேயிலை மலையில இருந்து வாற மண்ணு அத்தனையும் ஆத்துல தான், அன்னைக்கு எந்த டிப்யூசரும் எந்த கோணமும் காப்பாத்தாது, ரெண்டு மூணு நாள் வெயில் பாத்து போங்க. அருவிக்கு கீழ உடனே எடுக்காதீங்க, அங்க புள்ளி மண்ணு இல்ல, காத்துக்குமிழி, பத்து இருபது அடி கீழ தள்ளி போனா தானா அடங்கிடும். எல்லாத்த விட பெரிய குற்றவாளி உங்க கால். தண்ணி ஓடி வாற பக்கம் பாத்து நில்லுங்க, நீங்க கெளப்புற மண்ணு உங்களுக்கு பின்னாடி போயிடும். எங்கேயாச்சும் கல்லு பிடிச்சிக்கிட்டு அஞ்சு நிமிசம் அசையாம கெடந்தா மண்ணும் படியும், ஓடிப்போன மீனும் திரும்ப வரும். அட்டை கடிக்கும், கடிக்கட்டும்.

கித்துல்கல பக்கம் நெழலான சின்ன ஓடைகள்ல ஒரு மீன் இருக்கு, சிங்களத்துல புலத் ஹப்பயா னு சொல்லுவாங்க, வெத்தில சப்புறவன் னு அர்த்தம், நம்ம நாட்டுக்கே சொந்தமான மீன். ஆம்பள மீனுக்கு சோடி சேருற காலத்துல தலையில இருந்து பாதி ஒடம்பு செக்கச்செவேர்னு, பின்பாதி கறுப்பா மாறிடும், பேர் வச்சவன் சும்மா வைக்கல. ஒரு அடி, ரெண்டு அடி ஆழம் தான், ஆனா மேல மரம் மூடின நெழல், சாயத்தண்ணி, ப்ளாஷ் இல்லாம எடுத்தா அந்த செவப்பு காஞ்ச ரத்தம் மாதிரி தான் வரும். ஒரு சாண் தூரத்துல, பக்கவாட்டுல இருந்து மெல்லிசா ஒரு டிப்யூசர் வெளிச்சம் விழுந்துச்சுன்னா அப்ப தெரியும் வெத்தில. எனக்கு அந்த ஒரு படத்துக்கு நாலு தரம் போகவேண்டி வந்துச்சு. புடிக்காதீங்க, தொட்டியில போடாதீங்க, கல்லு பொரட்டாதீங்க.

செட்டிங் அதிகம் போட்டு குழப்பிக்க வேணாம். ப்ளாஷ ஓட்டோவுல விடாம கட்டாயம் அடிக்கிற மாதிரி வைங்க, ஐஎஸ்ஓ 200 கிட்ட ஆரம்பிங்க. ஷட்டர நீங்களே வைக்கிற வசதி உங்க கெமராவுல இல்ல, அது உள்ள கெமரானா 125ல ஒண்ணு சுத்தி. ப்ளாஷ் மீனுக்கு, ஷட்டர் பின்னாடி உள்ள தண்ணிக்கு, அப்படி பிரிச்சி நினைங்க. ஷட்டர மெதுவாக்கினா பின்னாடி தண்ணி நெறம் வரும், வேகமாக்கினா பின்னாடி கறுப்பாகும். கறுப்பு பின்னணி அழகு தான், ஆனா வெள்ளை புள்ளி அதுல தான் நல்லா தெரியும், வானத்து நட்சத்திரம் மாதிரி. தண்ணி அவ்வளவு சுத்தமா இல்லாத நாள்ல பின்னணிய கொஞ்சம் வெளிச்சமா விட்டா பாதி புள்ளி கரைஞ்சி போயிடும். மீனுக்கு கொஞ்சம் கீழ இருந்து மேல பாத்து எடுத்தா அந்த வெளிச்சமும் சும்மா கெடைக்கும், தரைய பாத்து எடுத்தா கல்லும் மண்ணும் தான். போகஸ் கண்ணுல.

திருகோணமலையில நீங்க முக்குளிக்காம மேல மெதந்துக்கிட்டு தான் பாக்கப்போறீங்க னு நினைக்கிறேன். ஆகஸ்ட் அங்க கடல் அமைதியா இருக்கிற காலம், புறாத்தீவுல நிறைய எடம் ஆழம் கம்மி, வெயில் நேரா உள்ள எறங்கும். அங்க ப்ளாஷ எப்பவும் போடணும் னு இல்ல தம்பி, சூரியன விட பெரிய ஸ்ட்ரோப் யாருகிட்ட இருக்கு. சூரியன முதுகுக்கு பின்னாடி வச்சிக்கிட்டு ப்ளாஷ் இல்லாம எடுங்க, பாறை நெழலுக்குள்ள ஒளிஞ்சிருக்கிற மீனுக்கு மட்டும் கிட்டப்போயி ப்ளாஷ். பவளப்பாறையில கால் வைக்கக்கூடாது, அது தேசியப் பூங்கா, படத்துக்காக ஒரு கொப்ப ஒடிச்சா அது திரும்ப வளர எத்தன வருசமாகுமோ.

தண்ணி உள்ள போகாம பாத்துக்கிற விசயத்த சுருக்கமா சொல்றேன். உங்க கெமரா ஹவுசிங் இல்லாமயே 15 மீட்டர் தாங்குற சாமான், ஆனா பழசு, ஒருத்தர் கை பட்டது. பெட்டரி கதவுல உள்ள றப்பர்ல ஒரு தலைமயிர், ஒரு மணல் இருந்தா போச்சு, என்னோட முதல் கெமரா போனது ஒரே ஒரு மயிரால. ஒவ்வொரு தரமும் வெளிச்சத்துல பிடிச்சி பாத்து மூடுங்க, கடல்ல இருந்து வந்ததும் நல்ல தண்ணியில ஊற வைங்க. பிறகு ஹவுசிங் வாங்குனா நம்ம மலையில இன்னொரு தொல்லை இருக்கு. அடுப்படி சூட்டுல ஹவுசிங்க மூடிட்டு ஐஸ் மாதிரி ஓயா தண்ணியில எறக்குனா உள்ளுக்குள்ள கண்ணாடி பூத்துடும், நீங்க அத டிப்யூசர் பிரச்சினை னு நினைப்பீங்க. காலங்காத்தால குளிர்ல மூடுங்க, சிலிக்கா பொட்டலம் ஒண்ணு உள்ள போடுங்க.

ரெண்டு விசயம் உசிரு சம்பந்தப்பட்டது. மேல அணைக்கட்டு உள்ள ஆத்துல தண்ணி சொல்லாம ஏறும், மஸ்கெலியாக்காரருக்கு நான் சொல்லத் தேவையில்ல, ஆனா தலைய தண்ணிக்குள்ள வச்சிக்கிட்டு இருக்கிறவனுக்கு சத்தம் கேக்காது. கரையில ஒரு ஆள் நிக்காம எறங்காதீங்க. மற்றது, திருகோணமலையில யாராச்சும் ஆசை காட்டி சிலிண்டர் கட்டி டைவிங் கூட்டிட்டு போனா, அன்னைக்கே பஸ் ஏறி வீட்டுக்கு வராதீங்க. டைவ் பண்ணிட்டு விமானம் ஏறுறதுக்கு ஒரு டைவ்னா 12 மணித்தியாலம், ரெண்டு மூணு னா 18 மணித்தியாலம் பொறுக்கணும் னு ஒரு கணக்கு இருக்கு, அது 600 மீட்டருக்கு மேல உள்ள உயரத்துக்கு. விமானத்துக்கு மட்டும் தானே னு நினைக்கிறாங்க. நுவரெலியா 1,868 மீட்டர், உங்க ஊரும் ஹட்டனும் ஆயிரத்துக்கு மேல, டைவ்ல ஒடம்புக்குள்ள கரைஞ்ச நைதரசன் வாயு உயரம் ஏறினா குமிழியாகும், அதுக்கு விமானமும் தெரியாது பஸ்ஸும் தெரியாது. ஒரு நாள் தங்கிட்டு வாங்க. சிலிண்டர் இல்லாம மெதந்து பாத்ததுக்கு இந்த பயம் இல்ல.

அப்ப எத வாங்குறது னு கேட்டீங்க. இப்போதைக்கு ஒண்ணும் வாங்காதீங்க. ஐஸ்கிரீம் மூடியும் றப்பர் பேண்டும் போதும். ஆகஸ்டுக்கு முன்னாடி சல்லி கொஞ்சம் சேந்தா ஸ்ட்ரோப்புக்கு போகாம ஒரு நல்ல டைவ் டோர்ச்சும் ஒரு சின்ன ட்ரேயும் வாங்குங்க, ஏன்னா டோர்ச்ல வெளிச்சம் எங்க விழுது னு கண்ணாலயே பாத்து பழகலாம், ஸ்ட்ரோப் அடிச்சதுக்கப்புறம் தான் தெரியும். டோர்ச்சுக்கு ப்ளாஷ் அளவு பலம் இல்ல, ஓடுற மீன் கொஞ்சம் அசைஞ்சி வரும், சில மீன் வெளிச்சம் பாத்து மூஞ்சிய திருப்பிக்கும், ஆனா கோணம் கைக்கு வந்துடும். கோணம் வந்தவன் கையில ஸ்ட்ரோப் குடுத்தா ரெண்டு நாள்ல படம் எடுப்பான். இந்த சனிக்கிழமை பேசின்ல மிளகாய போட்டு பால் விட்டு மூணு படம் எடுங்க, டோர்ச் லென்ஸ் பக்கத்துல, பக்கவாட்டுல, யோகட் கப்போட. படத்த காட்டுங்க, எது எந்த படம் னு நீங்க சொல்லாமயே நான் சொல்றேன்.